கோலாலம்பூர் வெப்பத்தில் உறையும் மெழுகுப் பால்மம்: செய்முறையும் சோதனையும்

பாரஃபின் மெழுகை மைக்ரோமீட்டர் அளவுத் துளிகளாக உடைத்து நீரில் நிறுத்திவைத்தால் கிடைக்கும் வெண்ணிறத் திரவம்தான் நிலைமாற்றப் பால்மம். துளி உருகும்போது உள்ளுறை வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உறையும்போது அதை விட்டுவிடும். துளி எந்த நிலையில் இருந்தாலும் சுற்றியுள்ள நீர் திரவமாகவே இருப்பதால் பம்பிலும் குழாயிலும் ஓடும். வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் பொருளும் அதைச் சுமந்து செல்லும் திரவமும் ஒன்றே என்பதுதான் இதன் பெரிய ஆதாயம். மின்கலத் தொகுப்பு, மின்னணுச் சோதனை மேசை, சர்வர் அறை என்று வெப்பநிலை ஓரிரு பாகைக்குள் நிற்கவேண்டிய இடங்களுக்கு இது பொருந்தும்.

இங்கே 28 °செ. சுற்றுவட்டத்தில் வேலை செய்யும் பால்மத்தை 5 கிலோ அளவில் தயாரித்து, சோதித்து, பிறகு 100 கிலோ சுற்றாக வளர்க்கும் வழியைச் சொல்கிறோம். செய்முறைக்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது அவசியம். மலேசியாவில் இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் சறுக்குகின்றன.

முதலில் கணக்கு

ஆக்டாடெக்கேன் 18 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலிப் பாரஃபின். 28.2 °செ.-இல் உருகும், உள்ளுறை வெப்பம் கிலோவுக்குச் சுமார் 240 கிலோஜூல். எடையில் 30% ஆக்டாடெக்கேன் உள்ள பால்மத்தில் கிலோவுக்கு 72 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் இருக்கும். அதன் சாதாரண வெப்பக் கொள்ளளவு பாகைக்குச் சுமார் 3.56 கிலோஜூல். நீருக்கு அது 4.18. பால்மத்தில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்பதால் இந்த விஷயத்தில் நீரைவிட மட்டம்.

தொட்டியை 20 °செ. வரை குளிர்வித்து, 30 °செ. வரை சூடேற விடுகிறீர்கள் என்று வையுங்கள். துளிகள் 20-இல் முழுக்க உறைந்திருந்தால் கிலோவுக்கு 72 கூட்டல் 35.6, ஆக 107.6 கிலோஜூல் கிடைக்கும். நீர் அதே இடைவெளியில் 41.8 தரும். இரண்டரை மடங்கு லாபம். துளிகள் 20-இல் உறையாமல் 13 °செ. வரை போனால்தான் உறையும் என்றால், 13 முதல் 30 வரை பால்மம் 132.5, நீர் 71. லாபம் இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. சில்லரும் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) தேவையில்லாமல் ஏழு பாகை கூடுதலாக இழுக்கிறது. மூன்றாவது நிலைதான் மோசமானது: 20 வரை மட்டும் குளிர்வித்தீர்கள், துளிகள் உறையவே இல்லை. அப்போது கிடைப்பது 35.6 மட்டும். வெறும் குழாய் நீரை ஊற்றியிருந்தால் அதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

பட்டியலைப் பார்த்து உருகுநிலை 28 என்றதும் வாங்கிவிடுகிறார்கள். பால்மத்தின் பயனைத் தீர்மானிப்பது அது எந்த வெப்பநிலையில் உறைகிறது என்பது. குளிர் நாடுகளில் இந்தத் தவறு தெரியாமலே போய்விடும், ஏனென்றால் இரவுக் காற்றே 10 °செ.-க்கு இறங்கி எல்லாத் துளியையும் உறைய வைத்துவிடும். கோலாலம்பூரில் இரவு 23, 24 °செ.-க்குக் கீழே போவது அரிது. பினாங்குத் தீவில் கடற்கரையோரம் இன்னும் ஒரு பாகை கூடுதலாகவே இருக்கும். கூலிங் டவரை நம்பலாமா என்றால், இங்குள்ள ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (நீர் ஆவியாவதால் எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) டவரிலிருந்து வரும் நீர் 28, 29-க்குக் கீழே இறங்காது. ஆகவே ஆக்டாடெக்கேனை உறைய வைக்க சில்லர் கட்டாயம் வேண்டும். சில்லரின் நீர் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் மின்சாரத்தில் ஏறக்குறைய 2 முதல் 3% மிச்சமாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு. உறையும் வெப்பநிலையை 13-இலிருந்து 20-க்கு உயர்த்துவது ஒவ்வோர் இரவும் தெனாகா மின்சார பில்லில் தெரியும் வேலை.

ஏன் உறையாமல் நிற்கிறது

வாளியில் உள்ள மெழுகு உறைவதற்கு எங்காவது ஒரு தூசி, ஒரு கீறல், ஒரு படிகத் துண்டு போதும். அந்த ஓர் இடத்தில் தொடங்கி வாளி முழுவதும் பரவிவிடும். 1 மில்லி எண்ணெயை 1 மைக்ரோமீட்டர் துளிகளாக உடைத்தால் ஏறக்குறைய 1.9 லட்சம் கோடி துளிகள் ஆகின்றன. அவ்வளவு தூசி எண்ணெயில் கிடையாது. ஒரு துளி உறைந்தாலும் நடுவில் நீர் இருப்பதால் பக்கத்துத் துளிக்கு அது பரவாது. ஒவ்வொரு துளியும் தன் விதையைத் தானே வைத்திருக்க வேண்டும். விதை இல்லாத ஆக்டாடெக்கேன் துளிகள் 14 °செ. பக்கம் போன பிறகுதான் தாமாக உறையத் தொடங்கும். ஹெக்ஸாடெக்கேனும் இப்படித்தான்: உருகுவது 18.2-இல், விதையில்லாத நுண்துளி உறைவது 2 முதல் 4-க்குள்.

துளி சிறிதாக ஆக இந்தச் சிக்கல் கூடும். துளி பெரிதானால் மேலே மிதந்து ஏடு கட்டும். 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளி வெறும் நீரில் நாளுக்கு 4 சென்டிமீட்டர் ஏறும்; 10 மைக்ரோமீட்டர் துளி ஒரு மீட்டர் ஏறும்; அரை மைக்ரோமீட்டர் துளிக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான். வேகம் விட்டத்தின் இருமடிப்படி போவதால் இந்த வித்தியாசம். அல்ட்ராசோனிக் கருவி வைத்து நானோ அளவுக்கு உடைத்துவிட்டால் நிலைத்து நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் உறைய வைக்கும் செலவு ஏறிவிடும். எங்கள் பரிந்துரை 1 முதல் 3 மைக்ரோமீட்டர். மிதப்பதை நீரைக் கெட்டியாக்கித் தடுக்கலாம். உறையாததை விதையால் சரிசெய்யலாம்.

எந்த எண்ணெய்

ஆக்டாடெக்கேனுக்குப் பதிலாகச் செம்பனையிலிருந்து வரும் மெத்தில் பால்மிடேட்டையும் எடுக்கலாம். 29, 30 °செ. பக்கம் உருகும், உள்ளுறை வெப்பம் 200 கிலோஜூலுக்கு மேல், நம் நாட்டிலேயே ஒலியோகெமிக்கல் ஆலைகளில் தயாராவதால் வாங்குவதும் எளிது. ஆனால் இது எஸ்டர். காரமான நீரிலும் அமிலமான நீரிலும் மெல்லச் சிதையும், கிருமிகளுக்கும் உணவாகும். பிஎச் 6 முதல் 8-க்குள் வைத்து, மாதம் ஒருமுறை அளந்து வாருங்கள். சிதைந்து வரும் கொழுப்பு அமிலம் செம்புக் குழாயை அரித்துப் பச்சை நிறச் சோப்பாக மாறும். எஸ்டர் பயன்படுத்தினால் செம்பு வேண்டாம்.

செம்பனை பயோடீசலும் மெத்தில் எஸ்டர்தானே, அதை ஊற்றலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கூடாது. செம்பனை எண்ணெயில் பால்மிடிக் அமிலம் 44% பக்கம், ஒலியிக் 39% பக்கம், மீதி பிற அமிலங்கள். அந்தக் கலவையின் எஸ்டர் ஒரே வெப்பநிலையில் உருகாது, பரந்த இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். 95 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையான 16 கார்பன் எஸ்டர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்கனவே உள்ள ஏர்கோன் சில்லட் வாட்டரோடு இணைக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த நீர் 7-இல் போய் 12, 13-இல் திரும்பும். 10 °செ.-இல் உருகும் பென்டாடெக்கேன் நடுவில் அழகாக உட்காருவது போலத் தெரியும். மூன்று பாகை வித்தியாசத்தில் நுண்துளி உறையாது. 5.9-இல் உருகும் டெட்ராடெக்கேனுக்கோ உறைநிலைக்குக் கீழே போகும் கிளைகால் (உறையாத திரவம்) ஓடும் சில்லர் வேண்டும். அதே 7 பாகை நீர் 28-இல் உருகும் பால்மத்தை உறைய வைக்கத் தாராளமாகப் போதும். சில்லரே இல்லாமல் டவர் நீரை மட்டும் வைத்து ஓட்டவேண்டிய கட்டாயம் இருந்தால் 36.6-இல் உருகும் ஐகோசேனுக்குப் போங்கள். குளிர்விக்கப்படும் கருவி 40 பாகையைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5 கிலோவுக்கு அளவு

ஆக்டாடெக்கேன் 1470 கிராம்
விதைக்கு 1-ஆக்டாடெக்கனால் 30 கிராம்
ட்வீன் 60 (எண்ணெய்த் துளியை நீரில் நிறுத்தும் சர்ஃபாக்டன்ட்): 130 கிராம்
ஸ்பான் 60 (இன்னொரு சர்ஃபாக்டன்ட்): 70 கிராம்
நீரைக் கெட்டியாக்க சாந்தன் கம் 10 கிராம்
கிருமி வளராமல் தடுக்க பீனாக்சிஎத்தனால் 40 கிராம்
அயனி நீக்கிய நீர் 3250 கிராம். அதில் 1000 கிராமைத் தனியே எடுத்துவையுங்கள்

ஆக்டாடெக்கனால் 58 °செ. பக்கம் உருகும் கொழுப்பு ஆல்கஹால். எண்ணெயில் கரைந்து ஒவ்வொரு துளிக்குள்ளும் சமமாகப் போய்ச் சேரும். குளிரும்போது எண்ணெய்க்கு முன்னால் படிகமாகி மற்றதற்கு அச்சாக நிற்கும். அது கிடைக்காவிட்டால் 58, 60 பாகை ரக மெழுகுவத்தி மெழுகை அதே அளவில் போடலாம். எண்ணெயில் இரண்டு விழுக்காடு நல்லது செய்கிறதே, ஐந்து போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கூட்ட வேண்டாம். உள்ளுறை வெப்பம் குறைவது சிறிய நஷ்டம். பெரிய நஷ்டம், எண்ணெய் திரவமாக இருக்கும்போதே துளிக்குள் கெட்டிப் படிகங்கள் நீட்டிக்கொண்டு பக்கத்துத் துளியைக் குத்தும், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டிபடும்.

ட்வீன் 60-ஐ ட்வீன் 80-ஆக மாற்றிவிடாதீர்கள். கடையில் எண்பதுதான் சுலபமாகக் கிடைக்கும், கைக்கும் வசதி, ஏனென்றால் அது திரவம். ஆனால் அதன் மூலக்கூறின் கொழுப்பு வால் ஒலியிக், வளைந்தது. அறுபதின் வால் ஸ்டியரிக், 18 கார்பன், நேரானது. ஆக்டாடெக்கேன் மூலக்கூறோடு ஒட்டி அடுக்கும். துளியின் தோலிலேயே படிகம் தொடங்க அது உதவுகிறது. ஒரே எண்ணெய், ஒரே துளி அளவு, சர்ஃபாக்டன்ட் மட்டும் வேறு. உறையும் வெப்பநிலையில் பல பாகை வித்தியாசம் வரலாம்.

சர்ஃபாக்டன்ட் நீரை எவ்வளவு நாடுகிறது என்று காட்டும் எண் எச்எல்பி. ட்வீன் 60-இன் எச்எல்பி 14.9, ஸ்பான் 60-இன் எச்எல்பி 4.7. 65:35 விகிதத்தில் சேர்த்தால் 11.3 வரும். பாரஃபினை நீரில் நிறுத்த 10 முதல் 12 வரை வேண்டும் என்பதால் இது நடுவில் நிற்கிறது. மெத்தில் பால்மிடேட் எடுத்தால் விகிதத்தை 60:40 முதல் 80:20 வரை ஐந்து சிறு புட்டிகளில் செய்து பார்த்து, ஒரு வாரத்தில் குறைவாகப் பிரிந்ததை எடுங்கள்.

தயாரிப்பு

எண்ணெய், ஆக்டாடெக்கனால், ஸ்பான் 60 மூன்றையும் ஒரு ஸ்டெயின்லெஸ் பாத்திரத்தில் 70 °செ.-க்குச் சூடாக்கி, கண்ணாடி போலத் தெளியும் வரை கலக்குங்கள். நேரடி அடுப்பு வேண்டாம், வெந்நீர்த் தொட்டிக்குள் பாத்திரத்தை வையுங்கள். ஆக்டாடெக்கேனின் தீப்பற்றும் நிலை 160 °செ.-க்கு மேல்தான், ஆனால் ஹாட் பிளேட்டின் மேற்பரப்பு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். இன்னொரு பாத்திரத்தில் 2250 கிராம் நீரில் ட்வீன் 60-ஐக் கரைத்து அதையும் 70-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். எண்ணெய் சூடாகவும் நீர் ஆறியும் இருந்தால் ஸ்பானும் ஆக்டாடெக்கனாலும் தொட்ட இடத்திலேயே கெட்டியாகி வெள்ளைத் துகள்களாகிவிடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது.

நீரை நிமிடத்துக்கு 600 முதல் 800 சுற்றில் துடுப்பால் கலக்கிக்கொண்டே எண்ணெயை 5 நிமிடத்தில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். எண்ணெயில் நீரை ஊற்றினால் தலைகீழாக, எண்ணெய்க்குள் நீர் நிற்கும் பால்மமாக மாற வாய்ப்பு உண்டு. தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தெரியும்: எண்ணெய்க் கறையாகப் படர்ந்தால் தலைகீழாகிவிட்டது.

அடுத்து ரோட்டர்-ஸ்டேட்டர் ஹோமோஜெனைசர், நிமிடத்துக்கு 10,000 சுற்றில் 10 நிமிடம். ஆய்வகக் கருவியின் தலை பெரும்பாலும் 2 லிட்டருக்குத்தான் தாங்கும். எனவே இரண்டு பங்காகப் பிரித்து அடியுங்கள். தலையை மையத்தில் வைத்தால் சுழல் விழுந்து காற்றை இழுக்கும்; ஓரமாக, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். நுரை வந்துவிட்டால் ஓர் இரவு மூடி வைத்தால் அடங்கும். சமையலறை பிளெண்டர் 10 மைக்ரோமீட்டருக்குக் கீழே கொண்டுவராது. கைபழக மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

அடித்து முடிந்ததும் மெதுவான துடுப்புக் கலக்கலுக்கு மாற்றி, வெந்நீர்த் தொட்டியில் குளிர்நீர் விட்டு 40 °செ.-க்கு ஆறவிடுங்கள். ஹோமோஜெனைசரை 40-க்குக் கீழே ஓட்டக் கூடாது. துளி பாதி திரவமாகவும் பாதி படிகமாகவும் இருக்கும் நேரத்தில் வேகமாக அடித்தால் படிகங்கள் பக்கத்துத் துளியின் தோலைத் துளைத்து, நல்ல பால்மம் சில நிமிடங்களில் வெண்ணெய்க் கட்டியாகிவிடும். வெண்ணெய் கடைவதும் இதே இயற்பியல்தான்.

ஆறும் நேரத்தில் சாந்தன் கம்மைத் தயார் செய்யுங்கள். அதை நேராக நீரில் கொட்டினால் உள்ளே காய்ந்த மாவும் வெளியே பசையுமாக உருண்டைகள் ஆகும். முதலில் பீனாக்சிஎத்தனாலில் குழைத்து, தனியே வைத்த 1000 கிராம் நீரில் கலக்கியபடி ஊற்றி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இந்தக் கெட்டிக் கரைசலை 40 பாகைப் பால்மத்தில் சேர்த்து 20 நிமிடம் கலக்குங்கள்.

சாந்தனில் மிச்சம் பிடிக்க நினைப்பது வழக்கமான பொறி. 0.05% போட்டால் போடாததைவிட வேகமாக ஏடு கட்டும். சாந்தனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துளிகளுக்கு இடையில் நுழைய முடியாமல் வெளியே நின்று, துளிகளை நெருக்கித் தள்ளிக் கொத்தாக்கிவிடும். கொத்து ஒரு பெரிய துளியைப் போல மேலே ஏறும். 0.2% வந்தால்தான் சங்கிலிகள் வலைபோல் பின்னித் துளிகளை நின்ற இடத்தில் பிடிக்கும். பம்ப் ஓடும்போது அந்த வலை தளர்ந்துவிடுவதால் ஓட்டத்துக்குப் பெரிய தடை இல்லை.

பீனாக்சிஎத்தனாலை விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெப்பத்தில் ட்வீனும் சாந்தனும் பூஞ்சைக்குப் பிடித்த உணவு. முதல் அறிகுறி புளித்த வாடை. அடுத்து பிஎச் இறங்கும். பிறகு பால்மம் உடையும்.

சோதனை

முதலில் நுண்ணோக்கி. பால்மத்தை 50 மடங்கு நீர்க்கச் செய்து, 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். நீர்க்க வெறும் நீர் வேண்டாம், 1% ட்வீன் கரைசலை எடுங்கள், இல்லாவிட்டால் துளிகள் சேர்ந்து தவறான படம் காட்டும். சராசரியைத் தேடி நேரம் செலவிட வேண்டாம். பார்வைப் புலத்தில் 10 மைக்ரோமீட்டருக்கு மேல் எத்தனை என்று பாருங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் இருந்தால் சூடாக்கி மறுபடி அடிக்க வேண்டும்.

100 மில்லி அளவுக்குழாயில் ஊற்றி 40 °செ.-இல் ஒரு வாரம் வையுங்கள். அடியில் கலங்கலான நீர் தெரிந்து மேலே கெட்டி வெண்மை நின்றால் அது ஏடு. மெல்லக் கலக்கினால் திரும்பிவிடும். மேலே நிறமற்ற எண்ணெய்ப் படலம் தெரிந்தால் துளிகள் உடைந்துவிட்டன, கலக்கித் திருத்த முடியாது.

உறையும் வெப்பநிலையை அளப்பதுதான் மையமான சோதனை. பல்கலைக்கழக ஆய்வகத்தில் டிஎஸ்சி (உருகும்போதும் உறையும்போதும் வெப்ப ஓட்டத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் நல்லது. ஆனால் அது சில மில்லிகிராமை மட்டுமே பார்க்கிறது. பட்டறையிலேயே டி-ஹிஸ்டரி முறையைச் செய்யலாம். ஒரே அளவுள்ள, 10 முதல் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் ஒன்றில் பால்மம், ஒன்றில் நீர். ஒவ்வொன்றின் மையத்திலும் ஒரு தெர்மோகப்பிள். இரண்டையும் 40-இல் சமப்படுத்தி, ஐஸ் போட்டு 8 °செ.-இல் நிறுத்திய, கலக்கப்படும் நீர்த் தொட்டிக்கு மாற்றி, 5 விநாடிக்கு ஒருமுறை பதியுங்கள். நீரின் கோடு வழுக்கிக்கொண்டே இறங்கும். பால்மத்தின் கோடு எங்கே தயங்குகிறதோ அங்கே உறைகிறது. வாளி மெழுகில் தெரிவது போல வெப்பநிலை குபீரென்று திரும்ப ஏறாது. துளிகள் தனித்தனியே உறைவதால் கோடு சரிவு குறைந்து சில பாகைகளுக்கு நீளும். இரண்டு தயக்கங்கள் தெரிந்தால், ஒன்று 20-க்கு மேலும் மற்றது 14 பக்கமும், விதை எல்லாத் துளிக்கும் போய்ச் சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் ஆக்டாடெக்கனால் முழுதாகக் கரைவதற்குள் ஊற்றியிருப்பார்கள்.

வெப்ப அளவையும் இதே பதிவிலிருந்து எடுக்கலாம். ஒவ்வொரு கோட்டுக்கும் தொட்டி வெப்பநிலைக்கும் நடுவிலுள்ள பரப்பைக் கணக்கிடுங்கள். ஒரே வெப்பநிலை இடைவெளிக்குள் இரண்டு பரப்புகளின் விகிதமே இரண்டு குழாய்களும் விட்ட வெப்பத்தின் விகிதம். கண்ணாடியின் வெப்பத்தை இரண்டு பக்கமும் கழிக்க மறக்காதீர்கள்.

இதைவிட நேரடியான இருப்புச் சோதனை ஒன்று இருக்கிறது; பெரிய அளவுக்குப் போகும் முன் அதைக் கட்டாயம் செய்யுங்கள். உங்கள் சில்லர் தொட்டியை 20 °செ.-இல் ஆறு மணி நேரம் வைத்திருக்கும் என்றால், பால்மக் குழாயை அதே 20-இல் அதே ஆறு மணி நேரம் வையுங்கள். பிறகு 40 பாகை நீரில் இறக்குங்கள். 28-இல் கோடு தயங்கினால் உறைந்திருந்தது. தயங்காமல் ஏறினால் உறையவில்லை. விதையையோ சர்ஃபாக்டன்டையோ மாற்றுங்கள், அல்லது சில்லரை இன்னும் இறக்குங்கள்.

கடைசியாக, 40-க்கும் 10-க்கும் இடையில் 50 சுழற்சிகள், பாதிப் புட்டிகள் அசையாமல், பாதி கலக்கப்பட்டபடி. அசையாதவை நன்றாக இருந்து கலக்கியவை கட்டிபட்டால், மேலே சொன்ன பாதி உறைந்த நிலைச் சிக்கல்தான்; ஆக்டாடெக்கனாலை எண்ணெயில் 1%-க்குக் குறையுங்கள், அல்லது சர்ஃபாக்டன்டை மொத்த எடையில் 4-இலிருந்து 5%-க்கு ஏற்றுங்கள்.

சுற்று கட்டுதல்

1.2 கிலோவாட் வெப்பத்தை 2 மணி நேரம் தாங்கவேண்டும் என்றால் 8640 கிலோஜூல். கிலோவுக்கு 107.6 என்று வகுத்தால் 80 கிலோ. எல்லாத் துளியும் உருகி முடிவதில்லை, ஆகவே 100 கிலோ வையுங்கள். வெறும் நீர் என்றால் 207 கிலோ வேண்டியிருக்கும்.

இந்த 100 கிலோ உறைந்த நிலையில் 105 லிட்டர், உருகிய நிலையில் 109 லிட்டர். 120 லிட்டர் தொட்டி எடுத்து மேலே இடம் விடுங்கள். மூடிய சுற்று என்றால் விரிவுத் தொட்டி இல்லாமல் ஓட்டக் கூடாது; 3.5% விரிவு பொருத்துகளைப் பிதுக்கிவிடும். இதே விரிவு ஒரு நல்ல அளவுகோலும் ஆகும். உருகும் நேரம் முழுவதும் வெப்பநிலைமானி 28-லேயே நிற்பதால் தொட்டியில் இன்னும் எவ்வளவு குளிர் மிச்சம் என்று அது காட்டாது. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொட்டியில் முழுதும் உறைந்ததற்கும் முழுதும் உருகியதற்கும் மட்ட வித்தியாசம் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். பக்கத்தில் ஒரு தெளிவான குழாய் மாட்டி இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டம் அநேகமாக அடுக்கு ஓட்டமாகவே இருக்கும். 10 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று காட்டும் எண்) 2400 தரும். பாகுநிலை 8 மில்லிபாஸ்கல்-விநாடி உள்ள பால்மம் அதே இடத்தில் 250 தரும். அதே 1 லிட்டர் 6 பாகை ஏறி முழுதும் உருகினால் 1.45 கிலோவாட் சுமக்கும், நீர் 0.42 மட்டும். ஆனால் அடுக்கு ஓட்டத்தில் குழாயின் நடுவில் போகும் துளிகள் சூடு படாமலே வெளியேறும். எனவே நீண்ட நேர்க்குழாயைவிட வளைவுகள் நிறைந்த சுருள் நல்லது. பிளேட் வெப்ப மாற்றி என்றால் இடைவெளி 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். உறைய வைக்கும் பக்கத்தில் 7 பாகை நீரை நேரடியாக விடாமல், கலப்பு வால்வு வைத்து 14 முதல் 16-க்கு உயர்த்தி விடுங்கள். சுவர் மிகக் குளிர்ந்தால் துளிகள் அதில் ஒட்டிப் படலமாகி வெப்பத்தைத் தடுக்கும்.

பம்பில் முற்போக்குக் குழிப் பம்ப் (திருகு போன்ற சுழலியால் திரவத்தை மெல்லத் தள்ளுவது) துளிகளை நோகடிக்காது. மையவிலக்குப் பம்பைக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம். கியர் பம்ப் வேண்டாம், அதன் பற்களுக்கு நடுவே துளிகள் நசுங்கிச் சேர்ந்துவிடும். இபிடிஎம் ரப்பர் ஹோஸும் வாஷரும் பாரஃபினில் ஊதிப் பெருத்துக் கசியும், சிலிக்கோனும் அப்படியே. நைட்ரைல் அல்லது விட்டான் போடுங்கள். குழாய்க்கும் தொட்டிக்கும் 304 ஸ்டெயின்லெஸ். டர்பைன் ஓட்டமானி நீருக்கு அளவிடப்பட்டது, இந்தப் பாகுநிலையில் தவறு காட்டும். வாளியும் நிறுத்துகடிகாரமும் வைத்துச் சரிபாருங்கள். உள்ளே, வெளியே இரண்டு இடத்திலும் பிடி100 (துல்லியமான பிளாட்டினம் வெப்ப உணரி) மாட்டுங்கள். இரண்டு பாகை வித்தியாசத்தை அளக்கும் இடத்தில் அரைப் பாகை பிழையுள்ள தெர்மோகப்பிள் எதற்கும் உதவாது.

கோலாலம்பூர்க் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 23, 24 °செ. 20-இல் நிற்கும் தொட்டியும் குழாயும் நாள் முழுக்க வியர்க்கும். 19 மில்லிமீட்டர் மூடிய செல் நுரை உறையைப் பொருத்துகள், வால்வுகள் வரை விடாமல் சுற்றுங்கள். மூடி சரியாக இல்லாத தொட்டியில் சொட்டும் வியர்வை வாரக்கணக்கில் பால்மத்தை நீர்க்கச் செய்துவிடும். வார ஈறுகளில் அடர்த்தியையோ மட்டத்தையோ குறித்து வைத்தால் அது சீக்கிரம் தெரியும்.

பால்மம் சும்மா நிற்கும் நாட்களில் மணிக்குப் பத்து நிமிடம் துடுப்பை மெதுவாகச் சுழலவிடுங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது ஏர்கோன் அறையில் வைக்காதீர்கள். பகலில் 24, இரவில் ஏர்கோன் அணைந்ததும் 29 என்று தினம் உருகுநிலையைத் தாண்டிப் போய்வரும். ஏர்கோன் இல்லாத, 30 பாகைக்குக் குறையாத இடம் நல்லது.

உடைந்த பால்மத்தைக் கால்வாயிலோ கழிப்பறையிலோ ஊற்ற வேண்டாம். 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய கனிம எண்ணெய்-நீர்ப் பால்மத்துக்கு எஸ்டபிள்யூ 307 என்ற குறியீடு இருக்கிறது. உங்கள் கழிவு எந்தக் குறியீட்டில் வரும் என்பதைச் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் உறுதிசெய்து ஒப்படையுங்கள். ஒப்படைக்கும் முன் ஒரு வேலை: உடைந்ததை 70-க்குச் சூடாக்கி, ஓர் இரவு நின்றபின் மேலே தெளிந்து நிற்கும் எண்ணெயை வடித்தெடுங்கள். வாடையும் நிறமும் மாறாத பாரஃபின் என்றால் அடுத்த தயாரிப்பில் புதிய எண்ணெயோடு கலக்கலாம். அதில் பழைய ஆக்டாடெக்கனாலும் ஸ்பானும் ஓரளவு தங்கியிருக்கும் என்பதால் முதலில் ஒரு சிறு புட்டியில் கலந்து இருப்புச் சோதனை செய்து, விதையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று பார்த்த பிறகே பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள்.